வெளிச்சம் இறக்கிவிட்ட பறவைகள்

அக்டோபர் வந்துவிட்டால் நியூயார்க் நகரத்துப் பறவை நோக்கர்கள் மாலையிலேயே காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கனடாப் பக்கமிருந்து வந்த குளிர்காற்று முகப்பு ஒன்று நகரத்தைத் தாண்டித் தெற்கே போயிருந்தால், அதன் பின்னாலேயே வடமேற்குக் காற்று வரும், மேகம் கலைந்துவிடும். அன்றிரவு அலாரத்தைச் சீக்கிரம் வைத்துக்கொண்டு படுப்பார்கள். வடக்கே காடுகளில் சரியான காற்றுக்காகக் காத்துக் கிடந்த சிறு பறவைகள், பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் மரங்களை விட்டு எழும்பும். பின்னாலிருந்து காற்று தள்ளிக் கொடுக்க, இரவெல்லாம் பறந்து, விடிகிற நேரத்தில் அவற்றில் ஒரு பங்கு மன்ஹாட்டனின் நட்டநடுவே, சென்ட்ரல் பார்க்கில் இறங்கியிருக்கும்.

காலை ஏழரைக்குப் பூங்காவின் படகுத்துறைப் பக்கம் கழுத்தில் பைனாகுலரும் கையில் காப்பிக் குவளையுமாக ஒரு குழு கூடும். முன்பின் அறியாதவர்களும் இருப்பார்கள், இருபது வருடமாக வருபவர்களும் இருப்பார்கள். வழிநடத்த ஒருவர். அப்படி வழிநடத்தியவர்களில் இன்றைக்கும் பலரும் பேசுவது ஸ்டார் சஃபீர் என்ற அம்மையாரைப் பற்றி. ஆளுக்கு எட்டு டாலர் வாங்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் இந்தப் பூங்காவில் பறவை நடை நடத்தியவர். புற்றுநோய் வந்த பிறகும் நடையை விடவில்லை. 2013இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ஆவணப்படமொன்று அவரையும் அவரைப் போன்றவர்களையும் காட்டியது. படத்தின் பெயர் ‘பேர்டர்ஸ்: தி சென்ட்ரல் பார்க் எஃபெக்ட்’. சென்ட்ரல் பார்க் விளைவு என்று பெயரிலேயே இருக்கும் அந்த விளைவுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

குழு போகிற இடம் ராம்பிள். பூங்காவின் 843 ஏக்கரில் இது ஏறத்தாழ 36 ஏக்கர். வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள், பாறைகள், ஓக், செர்ரி, மேப்பிள் மரங்கள், நடுவே ஒரு சிற்றோடை. முதன்முறை போகிறவர்கள் நகரம் வளர்ந்தபோது தப்பிப் பிழைத்த பழங்காடு என்றே நினைப்பார்கள். ஆனால் 1858இல் ஃப்ரெட்ரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர் வரைந்து கொடுத்த திட்டப்படி, மண் கொட்டி, மரம் நட்டு உருவாக்கிய இடம் அது. பாதைகள் வேண்டுமென்றே வளைக்கப்பட்டவை. ‘கில்’ என்று அழைக்கப்படும் அந்த ஓடையில் ஓடுவதுகூட நகராட்சிக் குழாய்த் தண்ணீர். வால்வைத் திருகி மூடினால் ஓடை நின்றுவிடும்.

பறவைக்கு இந்தப் பூர்வீகமெல்லாம் தேவையில்லை. விடியும்போது களைத்து, பசித்து, கீழே பார்க்கிறது. எந்தப் பக்கமும் கல்லும் தாரும். இடையில் ஒரே ஒரு பச்சைச் செவ்வகம். பெரிய காட்டில் இறங்கியிருந்தால் பல சதுர மைல்களில் சிதறியிருக்கக்கூடிய பறவைகள் இங்கே சில ஏக்கரில் குவிகின்றன. இதுவரை பூங்காவில் பதிவான இனங்கள் 200ஐத் தாண்டும். வட அமெரிக்காவின் புகழ்பெற்ற பறவைத் தலங்களின் வரிசையில் ஒரு மாநகரத்தின் நடுப்பூங்கா இருப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி அவ்வளவு இனிமையானது இல்லை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் வானிலை ராடார்களின் பதிவுகளை அலசி 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இலையுதிர்கால வலசையில் பறவைகள் இறங்கித் தங்கும் அடர்த்தி, ஒளிமிகுந்த நகரங்களை நெருங்க நெருங்கக் கூடுவதைக் கண்டது. நகரத்தின் நடுவே பச்சை தெரிந்ததால் மட்டும் அவை இங்கே வரவில்லை. நகரத்தின் வெளிச்சமே அவற்றைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. காலை நடைக்குக் கூடியவர்கள் அனுபவிக்கும் செழிப்பில் ஒரு பங்கு, இரவில் பறவைகளுக்கு நேர்ந்த வழித்தவறலின் பலன்.

அதற்கு வருவதற்கு முன் நடை எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

மே மாதத்தில் இதே ராம்பிளில் பறவை பார்ப்பது சுலபம். ஆண் பறவைகள் ஆரஞ்சும் கறுப்பும் மஞ்சளும் நீலமுமாக இருக்கும். பாடிப் பாடித் தாமே இருக்குமிடத்தைச் சொல்லிவிடும். இலையுதிர்காலத்தில் இரண்டும் கிடையாது. குஞ்சு பொரித்து முடிந்ததும், கோடையின் கடைசியில், பறவைகள் தேய்ந்துபோன இறகுகளை உதிர்த்துப் புதியவை வளர்க்கின்றன. இணையைக் கவர வேண்டிய தேவை இல்லை. பல இனங்களில் புது உடுப்பு பாசிப்பச்சையும் சாம்பலுமாக, கண்ணில் படாததாக இருக்கும். பாட்டைத் தூண்டும் ஹார்மோன்களும் அடங்கியிருக்கும். ‘சிப்’ என்ற ஒற்றை ஒலி மட்டும் எங்கிருந்தோ வரும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் வேறு, பெரும்பாலும் தாயைப் போலவே மங்கிய நிறத்தில் கூட்டத்தோடு கலந்திருக்கும்.

ஆனால் எண்ணிக்கையில் இலையுதிர்காலத்தை வசந்தம் நெருங்க முடியாது. வானிலை ராடார்களைக் கொண்டு 2018இல் வெளியிடப்பட்ட இன்னொரு கணக்கின்படி, இலையுதிர்காலத்தில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் வருபவை சராசரியாக 400 கோடிப் பறவைகள். வசந்தத்தில் அதே எல்லையைத் தாண்டி வடக்கே திரும்புபவை 260 கோடி. இடையில் காணாமல் போகும் 140 கோடியில் முதல் வருடத்தைத் தாண்டாத இளம் பறவைகள் ஏராளம். ராம்பிளில் அக்டோபர் காலையில் கண்ணில் படும் பறவைகளில் கணிசமானவை தம் வாழ்நாளில் இதற்கு முன் தெற்கே போனதே இல்லாதவை.

இந்த மங்கல் நிறக் கூட்டம் எத்தனை தலைமுறை நோக்கர்களை அலைக்கழித்தது என்பதற்கு ரோஜர் டோரி பீட்டர்சன் சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு பறவையின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டுமென்றால் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்ப்பதே வழி. நியூயார்க்கில் லட்லோ கிரிஸ்கம் என்பவர் பைனாகுலரால் பார்த்தே சொல்ல முடியும் என்று வாதாடி, அதைச் செய்தும் காட்டினார். 1924இல் பிராங்க்ஸ் பகுதிப் பையன்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய பறவைக் கழகம் அவரைக் குருவாகக் கொண்டது. அந்தக் கழகத்தோடு பழகி வளர்ந்தவர் பீட்டர்சன். 1934இல் அவர் எழுதி வரைந்து வெளியிட்ட கையேடு முதல் பதிப்பாக 2,000 படிகள் அச்சாகி உடனே தீர்ந்தது. ஒவ்வொரு இனத்திலும் எதைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்துக்குச் சின்னக் கோடு போட்டுக் காட்டியதுதான் அவருடைய உத்தி. தம் கையேடுகளில் இலையுதிர்கால வார்ப்ளர்களுக்கு அவர் தந்த அடைமொழி, ‘குழப்புகிறவை’. இன்றுவரை அந்தப் பெயர் மாறவில்லை, குழப்பமும் தீரவில்லை.

வார்ப்ளர்கள் என்று அமெரிக்காவில் சொல்வது நம் ஊர்க் கதிர்க்குருவிகளை அல்ல. அவை தனிக் குடும்பம். விரல் நீளப் பூச்சியுண்ணிகள், ஒரு கிளையில் மூன்று விநாடி உட்கார்ந்தால் அதிகம்.

குழுவாகப் போவதன் பயன் இங்கேதான் தெரியும். ஒருவருக்கு முதுகு தெரியும், ஒருவருக்கு வயிறு தெரியும், மூன்றாமவருக்குக் கால் மட்டும் தெரியும். டூப்பிலோ மரத்தின் மேல்கிளையில் ஏதோ அசைந்தது என்று வைத்துக்கொள்வோம். “நடுத்தண்டுக்கு இடது பக்கம், பத்து மணித் திசை, காய்ந்த கிளைக்கு மேலே” என்று யாராவது சொல்ல, அத்தனை பைனாகுலரும் ஏறும். பச்சை முதுகு, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. இது பிளாக்போல் வார்ப்ளரா, பே-பிரெஸ்டட் வார்ப்ளரா, பைன் வார்ப்ளரா? வசந்தத்தில் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும் மூன்று இனங்கள். அக்டோபரில் ஏறக்குறைய ஒரே உடுப்பு. முதுகில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கின்றன என்கிறார் ஒருவர். பைன் வார்ப்ளர் கழிந்தது. மார்பின் பக்கவாட்டிலும் மங்கலான கோடு. வாலின் அடிப்பக்கம்? வெள்ளை, பே-பிரெஸ்டட் என்றால் அங்கே வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு பரவியிருக்கும். “கால் தெரிகிறதா யாருக்காவது?” இது வழிநடத்துகிறவர். காத்திருக்க வேண்டும். பறவை ஒரு பழத்தை எட்டிப் பறிக்கத் தலைகீழாகத் தொங்கிய கணத்தில், விரல்களின் அடிப்பகுதி மஞ்சளாகத் தெரிந்தது. பிளாக்போல். கழுத்து வலியோடு எல்லாரும் பைனாகுலரை இறக்குவார்கள். பறவை நோக்கர்களிடையே அந்த வலிக்கே ‘வார்ப்ளர் கழுத்து’ என்று பெயர்.

கண்டுபிடிக்க இத்தனை பாடு படுத்திய அந்தப் பறவையின் எடை சாதாரணமாக 12 கிராம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்தால் இருக்குமே, அவ்வளவு. கனடா, அலாஸ்காவின் ஊசியிலைக் காடுகளில் பிறந்து, குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவின் வடக்கில் கழிக்கும் இனம் இது. கரையோரமாக இறங்கி இறங்கிப் போகாமல் அட்லாண்டிக் பெருங்கடலின் மீதே நேராகப் பறக்கிறது என்று ரொம்ப காலமாக ஒரு சந்தேகம் இருந்தது. 12 கிராம் பறவை எப்படி முடியும் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். வெர்மான்ட்டிலும் நோவா ஸ்கோஷியாவிலும் சில பறவைகளின் முதுகில் அரை கிராம் எடையுள்ள ஒளிப்பதிவுக் கருவிகளைக் கட்டிவிட்டு, மறு வருடம் திரும்பி வந்தவற்றைப் பிடித்து அவற்றைக் கழற்றிப் பார்த்தார்கள். சூரியன் உதித்த, மறைந்த நேரங்களிலிருந்து பறவை எங்கே இருந்தது என்று கணக்கிடலாம். 2015இல் முடிவு வெளியானது: கண்டத்தின் கிழக்குக் கரையிலிருந்து கரீபியத் தீவுகள் வரை 2,270 முதல் 2,770 கிலோமீட்டர், இரண்டு மூன்று நாள், நடுவில் எங்கும் இறங்காமல். நீரில் மிதக்கத் தெரியாத பறவை, இறங்கினால் முடிந்தது.

இதற்கான எரிபொருள் கொழுப்பு. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் பிளாக்போல் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் நிலையங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பறவையை விரல்களுக்கிடையே மல்லாக்கப் பிடித்து, மார்பு இறகுகள் விலகும்படி வாயால் ஊதுவார்கள். தோல் அவ்வளவு மெல்லியது. கழுத்தெலும்புக் குழியில் தேங்கியிருக்கும் கொழுப்பு மஞ்சளாக அப்படியே தெரியும். குழி காலியாக இருந்தால் நேற்று இரவுதான் வந்து இறங்கியது. நிரம்பி மேலே பிதுங்கினால் இன்றோ நாளையோ கிளம்பிவிடும். கிராமுக்குக் கிராம் மாவுச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தருவது கொழுப்பு. எரியும்போது உடலுக்கு வேண்டிய நீரும் அதிலிருந்தே கிடைக்கிறது. நெடும்பயணத்தில் குடலும் ஈரலும் சுருங்கிவிடுவதால், இறங்கிய முதல் ஓரிரு நாளில் தின்றாலும் எடை சட்டென ஏறாது. அந்த நாட்களில் பறவைக்கு வேண்டியது தொந்தரவில்லாத மரமும் கையெட்டும் தூரத்தில் தீனியும்.

அந்தத் தீனியை ராம்பிள் உண்மையிலேயே தருகிறதா, அல்லது பறவைகள் வேறு வழியில்லாமல் இங்கே மாட்டிக்கொண்டு தவிக்கின்றனவா? நியாயமான கேள்வி. நகரத்துப் பூங்காக்களில் பறவைகளை வலையில் பிடித்து எடை பார்த்த ஆய்வுகளில், தங்கிய நேரத்தில் அவை எடை கூட்டியிருந்தன என்பது ஆறுதல். மரங்களும் இதில் கூட்டாளிகள். ராம்பிளின் புல்வெளி ஒன்றில் நிற்கும் பெரிய டூப்பிலோ மரத்தின் கருநீலப் பழங்களில் கொழுப்பு அதிகம். கோடை முழுவதும் பூச்சி தின்ற பறவைகள் இந்தப் பருவத்தில் பழத்துக்கு மாறுவது இதனால்தான். டூப்பிலோ, சுற்றியுள்ள மரங்கள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, மற்றவற்றுக்கு முன்னால் சிவந்துவிடும். விதை பரப்பும் வலசைப் பறவைகளுக்குப் ‘பழம் தயார்’ என்று தூரத்திலிருந்தே காட்டும் கொடி அது என்ற கருதுகோளை 1982இல் எட்மண்ட் ஸ்டைல்ஸ் முன்வைத்தார். கருதுகோள்தான், ஆனால் அந்த மரத்தடியில் அரை மணி நேரம் நின்றவர்கள் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

பாட்டில்லாத பருவத்தில் பறவை இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவசாலிகள் வலசைப் பறவையைத் தேட மாட்டார்கள், உள்ளூர்க்காரர்களைத் தேடுவார்கள். டிட்மவுஸ், சிக்கடீ என்ற இரண்டு சிட்டுகள் ஆண்டு முழுவதும் இந்தப் பகுதிக் காடுகளில் இருப்பவை. எந்த மரத்தில் புழு உண்டு, எந்தப் புதரில் ஆந்தை ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. புதிதாக வந்து இறங்கிய பறவைகள் இவற்றோடு ஒட்டிக்கொண்டு திரியும். சிக்கடீ தன் பெயரைத் தானே சொல்லும் பறவை. ஆபத்தைக் கண்டால் ‘சிக்-க-டீ-டீ-டீ’ என்று கத்தும். எத்தனை ‘டீ’ என்பதில் சேதி இருக்கிறது. 2005இல் வெளியான சோதனையில், பெரிய ஆந்தையைக் காட்டியபோது ‘டீ’ குறைவாகவும், சிக்கடீயை எளிதில் பிடிக்கக்கூடிய சிறிய, வேகமான ஆந்தையைக் காட்டியபோது கூடுதலாகவும் வந்தன. பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பறவைகளும் அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்கின்றன என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே டிட்மவுஸ் கூச்சல் போடும் மரத்தைச் சுற்றி நின்றால் வார்ப்ளரும் கிங்லெட்டும் விரியோவும் ஒவ்வொன்றாக வெளியே வரும். சிலர் வாயாலேயே ‘பிஷ்ஷ் பிஷ்ஷ்’ என்று அந்தக் கூச்சலைப் போலச் செய்து பறவைகளை வரவழைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தின்ன வேண்டிய நேரத்தில் வெறும் புரளியைக் கிளப்பி ஓட வைப்பது அது.

பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும். குழு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பட்டியல் போடும். வழிநடத்துபவர் இனத்தின் பெயரைச் சொல்ல, எத்தனை என்று மற்றவர்கள் சொல்ல, கைபேசியிலிருந்து அது ‘இ-பேர்ட்’ தளத்துக்குப் போகும். கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அங்கேதான் சேர்கின்றன.

இனி இரவு. 12 கிராம் பறவை, இதற்கு முன் போயிராத இடத்துக்கு, இருட்டில், எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

இண்டிகோ பன்ட்டிங் என்ற சிறு நீலக் குருவியை வைத்து ஸ்டீவன் எம்லன் 1960களில் செய்த சோதனைகள் இன்றும் சொல்லத் தகுந்தவை. வலசைப் பருவத்தில் கூண்டிலிருக்கும் பறவைகூட இரவில் தூங்காமல், போக வேண்டிய திசை நோக்கித் தத்தித் தத்திக் குதிக்கும். எம்லன் மைத்திண்டு ஒன்றை அடியில் வைத்து, அதைச் சுற்றி வெள்ளைத் தாளால் புனல் செய்து, பறவையை உள்ளே விட்டார். குதிக்கும் ஒவ்வொரு முறையும் மைபடிந்த கால்தடம் தாளில் விழும். காலையில் எந்தப் பக்கம் தடங்கள் அடர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் பறவை போக நினைத்த திசை. இந்தப் புனல்களைக் கோளரங்கத்துக்குள் வைத்து விண்மீன்களை இஷ்டம்போல் மாற்றினார். பிறகு குஞ்சுப் பருவத்திலிருந்தே கையால் வளர்த்த பறவைகளுக்கு, வானம் துருவ விண்மீனைச் சுற்றாமல், ஓரையன் தொகுதியின் திருவாதிரை விண்மீனைச் சுற்றுவதாகக் காட்டினார். இலையுதிர்காலம் வந்ததும் அந்தப் பறவைகள் திருவாதிரையை வடக்காக எடுத்துக்கொண்டு அதற்கு நேரெதிர்த் திசையில் குதித்தன. விண்மீன்களின் படத்தைப் பறவை பிறவியிலேயே கொண்டுவரவில்லை. இரவு வானத்தில் எது அசையாமல் நிற்கிறது என்று குஞ்சாக இருக்கும்போதே பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இதோடு பூமியின் காந்தப்புலத்தை உணரும் திறனும், மறையும் சூரியனின் ஒளியைப் படிக்கும் திறனும் சேர்ந்துகொள்கின்றன.

விண்மீனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் ஒரு மாநகரத்தைக் கொளுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கே ஆண்டுதோறும் ஒரு சோதனை நடத்துகிறது. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் நினைவாகச் செப்டம்பர் 11 இரவு இரண்டு ஒளித்தூண்களை வானத்தை நோக்கி நிறுத்துகிறார்கள். தூணுக்கு 44 விளக்குகள், ஒவ்வொன்றும் 7,000 வாட். வலசை உச்சத்தை நெருங்கும் காலம். ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளை ராடாரால் அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அந்த இரவுகளில் மட்டும் 11 லட்சம் பறவைகள் இந்த ஒளியால் பாதிக்கப்பட்டன என்று மதிப்பிட்டது. ஒளிக்குள் நுழைந்தவை வேகம் குறைந்து, வட்டமடித்து, இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தன. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் கலைந்து தம் வழியில் போய்விட்டன. இப்போது ஒளித்தூணடியில் பறவை எண்ணுகிறவர்கள் இரவு முழுவதும் நிற்கிறார்கள். ஒளிக்குள் ஆயிரம் பறவைகளுக்கு மேல் சேர்ந்தால் 20 நிமிடம் விளக்குகளை அணைக்கிறார்கள்.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் சென்னைப் பக்கம் மொட்டைமாடியிலும் பால்கனியிலும் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு பறவை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது என்று படத்தோடு செய்தி வரும். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம், நடு இந்தியா பக்கமிருந்து தெற்கே வலசை வருகிற அதுவும் இரவில்தான் பறக்கிறது.

வெளிச்சம் தன்னளவில் அவ்வளவாகக் கொல்வதில்லை. இறக்கிவிடுகிறது. கொல்வது பொழுது விடிந்த பிறகு கண்ணாடி. பூங்காவை நோக்கிய கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் தெரிவது மரங்கள். பறவைக்கு அது பிம்பம் என்று தெரியாது. நியூயார்க்கில் மட்டும் ஆண்டுக்கு 90,000 முதல் 2,30,000 பறவைகள் இப்படி மோதிச் சாகின்றன என்பது அந்நகரத்துப் பறவை ஆர்வலர் அமைப்பின் மதிப்பீடு. அமெரிக்கா முழுவதற்கும் 2014இல் வெளியான மதிப்பீடு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை. அதில் வானளாவிகளின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வானளாவியும் நிறையக் கொல்கிறது என்றாலும் அவை எண்ணிக்கையில் சொற்பம். சாதாரண வீடுகளும் நடுத்தர உயரக் கட்டடங்களும் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

நியூயார்க் தெருக்களில் செத்த பறவைகளை எண்ணுவது புதிதல்ல. 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற இளைஞர் மன்ஹாட்டன் கடைத்தெருவில் இரண்டு மாலை நடந்து, பெண்களின் தொப்பிகளை எண்ணினார். பார்த்த 700 தொப்பிகளில் 542இல் செத்த பறவைகளோ இறகுகளோ அலங்காரமாக இருந்தன. 40 இனங்களை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. இதே சாப்மன்தான் 1900இல் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடுவதற்குப் பதிலாக எண்ணலாம் என்று அழைத்தவர். அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள், சென்ட்ரல் பார்க்கும் அவற்றில் ஒன்று. தொப்பிக்காகக் கொல்வது 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தோடு முடிந்தது. இன்று அதே தெருக்களில் வேறு சிலர் செத்த பறவைகளை எண்ணிக்கொண்டு நடக்கிறார்கள். 1997 முதல், வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், துப்புரவுப் பணியாளர்கள் நடைபாதையைப் பெருக்கும் முன்பே போய்விட வேண்டும் என்பதால் விடியற்காலையில். கண்ணாடிச் சுவரடியில் கிடக்கும் ஒவ்வொரு பறவையையும் படமெடுத்து, இடம் குறித்து, பையில் போடுகிறார்கள்.

இப்படிப் பொறுக்கியவை வீண்போவதில்லை. சிகாகோவில் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் 1978இலிருந்து பொறுக்கிச் சேர்த்த 70,000க்கும் மேற்பட்ட பறவைகளை அளந்தபோது, 52 இனங்களில் கால் எலும்பு நாற்பதாண்டுகளில் சராசரியாக 2.4 சதவீதம் குறுகியிருப்பதும், இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருப்பதும் தெரிந்தது. வெப்பம் ஏறுவதால் உடல் சிறுத்து, சிறுத்த உடலோடு அதே தூரம் பறக்க இறக்கை நீண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அவர்களுக்கு அதிகப் பறவைகளைக் கொடுத்தது ஏரிக்கரையிலுள்ள ஒரே ஒரு மாநாட்டு மையம். 2023 அக்டோபர் 5 அன்று மட்டும் ஏறத்தாழ ஆயிரம். அடுத்த ஆண்டு அதன் கண்ணாடிகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் சாவு ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்தது.

வித்தை அவ்வளவுதான். புள்ளிகளுக்கிடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதற்குள் நுழைய முடியாது என்று பறவை விலகிவிடும். நியூயார்க்கில் பறவைக்கொலைக்குப் பேர்போன ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் கண்ணாடியை மாற்றியதும் மோதல் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. 2021 ஜனவரியிலிருந்து, புதிதாகக் கட்டுகிற கட்டடங்களின் முதல் 75 அடி உயரத்துக்குப் பறவைக்குத் தெரிகிற பொருளே பயன்படுத்த வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. பழைய கட்டடங்கள் பழையபடியே நிற்கின்றன.

2021 செப்டம்பர் 14 காலை, உலக வர்த்தக மையப் பகுதியின் நடைபாதைகளில் தன்னார்வலர் ஒருவரே 200க்கும் மேற்பட்ட செத்த பறவைகளைக் கண்டார். பெரும்பாலும் வார்ப்ளர்கள். மூச்சு இருந்தவை காகிதப் பைகளில் சென்ட்ரல் பார்க்குக்கு மேற்கே சில தெருக்கள் தள்ளியிருக்கும் காட்டுப்பறவை மருத்துவமனைக்குப் போயின. காகிதப் பை என்றால் உள்ளே இருட்டாக இருக்கும், காற்றும் போகும், பறவை அடங்கிக் கிடக்கும். தேறியவற்றை அவர்கள் நடந்துபோகும் தூரத்திலிருக்கும் ராம்பிளில் கொண்டுவிடவில்லை. ஆற்றைத் தாண்டி ப்ரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பார்க்கில் விட்டார்கள். அங்கிருந்து தெற்கே கிளம்பும் பறவைக்கு மன்ஹாட்டனை மறுபடி கடக்க வேண்டிய வேலை இல்லை.